உறைக்குள் மறைந்த கைவேலை: ஐரோப்பிய மெத்தை நாற்காலியும் அதைச் செய்யக் கற்ற முறையும்

மேற்கு ஐரோப்பாவின் அறைகலன் வரலாற்றை எழுதியவர்கள் நெடுங்காலம் நாற்காலியின் மரச்சட்டத்தையும் அதன்மேல் இழுத்துப் போர்த்திய துணியையுமே பார்த்தார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே நாடா, கோணித்துணி, குதிரைமுடி, முறுக்கு நூல் ஆகியவற்றைக் கொண்டு இருக்கைக்கு வடிவம் கொடுத்த வேலை, இன்றைய பேச்சில் குஷன் வேலை எனப்படும் மெத்தை வேலை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்ததாலேயே ஏடுகளிலும் அதிகம் இடம்பெறவில்லை. வாங்குபவர் ஒருபோதும் காணாததும், உறை ஏறிய பிறகு செய்தவரே திரும்பக் காண முடியாததுமான ஒரு வேலையை யார் கண்காணித்தார்கள், அது ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு எப்படிச் சென்றது என்னும் கேள்விகளுக்கு லண்டனும் பாரிசும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைக் கண்டன. அந்த விடைகளில் எழுத்துக்கு இருந்த பங்கு குறைவு. பழைய நாற்காலியைப் பிரித்துப் பார்ப்பதற்கு இருந்த பங்கே அதிகம்.

லண்டனில் இத்தொழிலினரின் சங்கம் 1360இல் நகர ஆட்சியால் ஏற்கப்பட்ட விதிகளோடு உருப்பெற்று, 1626இல் அரச சாசனம் பெற்றது. தொடக்க காலத்தில் இவர்கள் நாற்காலி மெத்தை செய்தவர்கள் அல்லர். படுக்கை, தலையணை, திண்டு முதலியவற்றைச் செய்தும் பழைய வீட்டுப் பொருட்களை வாங்கி விற்றும் பிழைத்தவர்கள். ஆயினும் பின்னாளில் நாற்காலி வேலைக்கும் அடிப்படையாக நின்ற சிக்கல் படுக்கை வியாபாரத்திலேயே எழுந்துவிட்டது. மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்பது தைத்தவருக்கு மட்டுமே தெரியும். ஏழாம் ஹென்றியின் ஆட்சியில் 1495ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, இறகு மெத்தையில் உலர்ந்த இறகோ தூய தூவியோ மட்டுமே இருக்க வேண்டும் என்றும், திண்டுகளிலும் கம்பளிப் படுக்கைகளிலும் தூய கம்பளி அல்லது கம்பளிச் சிதறல் தவிர வேறெதுவும் அடைக்கக் கூடாது என்றும், ஒன்றோடொன்று கலக்கவே கூடாது என்றும் விதித்தது. தோல் பதனிடும் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வந்த குதிரை, மாடு, மான், ஆடு ஆகியவற்றின் முடியை அது வெளிப்படையாகத் தடை செய்தது; அத்தகைய முடி உறங்குபவரின் உடல் சூட்டில் நாறி நோயைத் தரும் என்பது சட்டம் கூறிய காரணம்.

இங்கே கவனிக்கத்தக்க முரண் ஒன்று உண்டு. தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் நின்ற அதே குதிரைமுடிதான் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குள் இத்தொழிலின் மிக உயர்ந்த பொருளாகப் போற்றப்பட்டது. மாறியது முடி அன்று, அதைப் பக்குவப்படுத்திய முறை. தூய்மையாகக் கழுவிச் சிக்கெடுத்த முடியைக் கயிறாக முறுக்கி, முறுக்கு கலையாமல் கொதிக்கவைத்து, நன்கு உலர்த்திப் பிறகு பிரித்தால், ஒவ்வோர் இழையும் சுருளாகவே நின்றுவிடும். சுருண்ட இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அழுத்தும்போது தாழ்ந்து, விட்டதும் எழும். கம்பளிச் சிதறலோ வைக்கோலோ சில ஆண்டுகளில் கட்டிதட்டிப் படிந்துவிட, நல்ல குதிரைமுடி நூறாண்டு கழித்தும் கழுவிப் பிரித்தெடுத்தால் மீண்டும் அடைக்க உதவும். வாலிலிருந்து கிடைக்கும் நீண்ட முடி இதற்கு வீணாக்கப்படாமல் துணி நெய்யப் போனது. அடைப்புக்குப் பெரும்பாலும் குட்டையான முடியே வந்தது.

பதினாறாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியச் செல்வர் வீடுகளிலும் மெத்தை என்பது பெரும்பாலும் கடினமான பலகை இருக்கையின்மேல் போட்டு எடுக்கும் திண்டாகவே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் கையில்லாத, முதுகுச் சாய்வு மட்டும் உள்ள நாற்காலிகள் பரவியபோது அடைப்பு மரச்சட்டத்தோடு நிலையாகப் பிணைக்கப்பட்டது. சட்டத்தின் குறுக்கும் நெடுக்கும் அகன்ற நாடாக்களை இழுத்து ஆணியடித்து, அதன்மேல் முரட்டுத் துணியைப் பரப்பி, சதுப்புநிலப் புல்லோ முடியோ குவித்து, உறையை இழுத்து ஓரங்களில் பித்தளைக் குமிழ் ஆணிகளை வரிசையாக அடிப்பதே முறை. தமிழ்நாட்டு நாடாக் கட்டிலின் பின்னலை அறிந்தவர்களுக்கு அடித்தளம் அந்நியமாகத் தோன்றாது. இத்தகைய இருக்கை நடுவில் புடைத்தும் ஓரங்களில் சரிந்தும் கவிழ்த்த கிண்ணம்போல இருந்தது. அமர்ந்தால் அடைப்பு ஓரத்தை நோக்கி நழுவியது. நழுவாமல் தடுக்க முன்விளிம்பில் புல் திணித்த துணிச்சுருள் ஒன்றை ஆணியடித்து அணைபோல வைத்தார்கள். அடுத்த நூறாண்டுத் தொழில்நுட்பத்தின் கவனம் முழுவதும் இந்த விளிம்பிலேயே நிலைத்தது எனலாம்.

அக்கால லண்டனின் வேலைத்திறம் உயர்ந்ததில் பிரான்சிலிருந்து வந்தவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1685இல் பதினான்காம் லூயி நாந்த் ஆணையை நீக்கிப் புராட்டஸ்டண்டுகளின் வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது வெளியேறிய ஹுகெனோக்களோடு நெசவும் மெத்தை வேலையும் கடல் கடந்தன. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்று நிற்கும் 1700ஆம் ஆண்டை ஒட்டிய மெல்வில் கட்டில், லண்டனில் தொழில் நடத்திய பிரெஞ்சுக் கைவினைஞர் பிரான்சிஸ் லாப்பியரின் வேலையாகக் கருதப்படுகிறது. கூரையளவு உயர்ந்த அதன் திரைகளும் மடிப்புகளும் ஒரு மெத்தைப் பட்டறையின் வீச்சு எவ்வளவு பெரிது என்பதைக் காட்டப் போதும்.

பாரிசில் நிலைமை வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எத்தியென் புவாலோ தொகுத்த தொழில் விதிகளிலேயே தபிசியே எனப்பட்ட இவர்களுக்குத் தனி இடம் இருந்தது. நாடக ஆசிரியர் மோலியேர் இவ்வகுப்பில் பிறந்தவர். அவருடைய தந்தை ஜான் போக்லேன் 1631இல் அரசரின் மெத்தைக் கைவினைஞர் என்னும் பதவியைப் பெற்று, 1637இல் அதன் வாரிசுரிமையை மகனுக்கு உறுதி செய்தார். மகனோ 1643இல் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து அப்பதவியைத் துறந்து, தம்பி இறந்தபின் 1660இல் அதை மீண்டும் ஏற்றார். அரசரின் படுக்கையை ஒழுங்குபடுத்துவது அப்பதவியின் கடமைகளுள் ஒன்று. ஆகவே அது வெறும் கைவேலைக்காரரின் நிலையன்று, அரண்மனையின் உள்ளறை வரை செல்லும் உரிமை.

பாரிசில் நாற்காலிச் சட்டத்தைச் செய்யும் தச்சர் ஒரு சங்கத்தினர், அதை மெத்தையாக்குபவர் மற்றொரு சங்கத்தினர். ஒருவர் வேலையை மற்றவர் செய்வது விதிமீறல். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த விதிப்படி தச்சர் தம் பெயரைச் சட்டத்தில் முத்திரையாகப் பதிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் ஜோர்ஜ் ஜாக்கோபின் நாற்காலி, தெலானுவாவின் நாற்காலி என்று இன்று ஏலக்கூடங்களில் சொல்ல முடிகிறது. மெத்தை வேலைக்கு அத்தகைய முத்திரை வழக்கம் வரவில்லை. பட்டும் சரிகையும் முடியும் கூலியும் சேர்ந்து மெத்தையின் செலவு மரச்சட்டத்தின் விலையைப் பலமுறை விஞ்சியபோதும், வாடிக்கையாளரோடு பேசித் தச்சரிடம் சட்டத்துக்கு ஆணை கொடுத்தவர் பெரும்பாலும் மெத்தைக் கைவினைஞரே என்றபோதும், வரலாற்றில் நின்றது தச்சரின் பெயர். அரண்மனைக்கு வேலை செய்த கப்பேனைப் போன்ற சிலர் கணக்கேடுகளின் வழியாகத் தப்பினார்கள். வசதியுள்ள வீடுகளில் கோடைக்குப் பட்டும் குளிர்காலத்துக்கு வெல்வெட்டும் மாற்றுவதற்காக இருக்கையும் சாய்வும் தனித்தனிச் சிறு சட்டங்களில் மெத்தையாக்கப்பட்டுப் பெரிய சட்டத்துக்குள் திருகாணியால் பொருத்தப்பட்டன. ஒரே நாற்காலிக்கு இரண்டு மூன்று மெத்தைகள் என்பது அத்தொழிலுக்கு எத்தகைய வாழ்வாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு செழித்த தொழில் அக்காலத்தின் அறிவு நூல்களில் எப்படிப் பதிவாயிற்று என்பது ஏமாற்றம் தரும் செய்தி. திதரோவும் தலம்பேரும் பதிப்பித்த கலைக்களஞ்சியம் 1771இல் வெளியிட்ட படத்தகடுகளில் மெத்தைப் பட்டறை இடம்பெற்றது. உள்ளே வேலை நடக்கும் காட்சி, கருவிகள், பலவகைக் கட்டில்கள், நாற்காலிகள் எல்லாம் துல்லியமாக வரையப்பட்டன. அதற்கு ஓராண்டு முன், 1770இல், பிமோன் என்னும் பாரிஸ் ஆசான் இத்தொழிலின் கோட்பாடுகள் பற்றிய நூலை வெளியிட்டு, அது தொழிலினருக்கும் அவர்களை வேலைக்கு அமர்த்துவோருக்கும் பயன்படும் என்று தலைப்பிலேயே அறிவித்தார். துணியின் அகலம், ஒரு கட்டிலுக்கு எவ்வளவு துணி தேவை என்பன போன்ற கணக்குகளே அத்தகைய நூல்களில் மேலோங்கி நிற்கின்றன. ஊசியை எந்தக் கோணத்தில் நுழைப்பது, நூலை எவ்வளவு இறுக்குவது என்பதைப் பிமோன் அறியாதவர் அல்லர்; அதை எழுதினால் படித்தவரால் செய்ய முடியாது என்பதும், செய்யத் தெரிந்தவருக்கு எழுத வேண்டியதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று கொள்வதே பொருத்தம்.

லண்டனில் ஆர். காம்பெல் 1747இல் வெளியிட்ட, பிள்ளைகளை எத்தொழிலில் சேர்க்கலாம் என்று பெற்றோருக்கு வழிகாட்டும் நூல் இன்னும் கடுமையாகப் பேசியது. வீட்டுக்குத் தேவையான எல்லாவற்றையும் வாங்கித் தருபவர், தச்சரையும் கண்ணாடிக்காரரையும் கொல்லரையும் வேலை வாங்குபவர் என்று மெத்தைப் பட்டறை முதலாளியின் வணிகத் திறனை மெச்சிய காம்பெல், தையல் பகுதியைத் தொழில் பழகாத பெண்களும் செய்கிறார்கள் என்றார். நாற்காலியை அடைத்து உறையிடுவதே இத்தொழிலில் நுட்பமானது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அதற்கும் பெரிய மேதைமை வேண்டியதில்லை என்று முடித்தார். காம்பெல் முதலாளியின் பக்கம் நின்று பார்த்தவர் என்பதை மறக்கலாகாது. அவர் போகிற போக்கில் சொன்ன பெண்களின் பங்கு உண்மையில் பெரிது. திரை, மடிப்பு, உறை முதலிய தையல் வேலைகளில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் சங்கப் பட்டியலில் பெயரில்லாத அவர்களே. அட்லாண்டிக்கின் மறுகரையில் பிலடெல்பியாவின் பெட்சி ராஸ் முதல் அமெரிக்கக் கொடியைத் தைத்தார் என்பது குடும்ப மரபாக வந்த கதை. மெத்தைப் பட்டறையில் வேலை பழகி, கணவரோடு சொந்தப் பட்டறை நடத்தினார் என்பதோ ஐயத்துக்கு இடமில்லாத செய்தி.

காம்பெல் எளிதென்று தள்ளிய அந்த அடைப்பு வேலைதான் பதினெட்டாம் நூற்றாண்டில் பெரும் மாற்றம் கண்டது. விளிம்பு சரியாமல் நிற்க, அடைப்பையே தைத்துக் கெட்டியாக்கும் முறை அப்போது வளர்ந்தது. நாடாவின் மேல் பரப்பிய அடித்துணியில் முதலில் தளர்வான நூல் கண்ணிகள் இடப்படும். அவற்றுக்குள் முடியைக் கைப்பிடி கைப்பிடியாகச் செருகி, பள்ளமேடு இல்லாமல் பரப்பி, மேலே இழை கலந்த மெல்லிய கோணித்துணி ஒன்றை மூடி, நடுவில் ஆழத் தைத்து, ஓரத்தைச் சட்டத்தில் ஆணியடிப்பார்கள். இதன்பின் வருவது மறைதையல். இரு முனையும் கூரான நீண்ட ஊசியைச் சட்டத்தின் விளிம்பை ஒட்டிப் பக்கவாட்டில் நுழைத்து, மேற்பரப்பில் அதன் முனை தலைகாட்டியதும் முழுவதும் வெளியே எடுத்துவிடாமல், நூல் கோத்த முனை உள்ளேயே இருக்கும்படி நிறுத்தி, சற்றுத் தள்ளி மீண்டும் பக்கவாட்டிலேயே வெளிவரும்படி திருப்ப வேண்டும். வெளிவரும் ஊசியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி இழுத்து இறுக்கினால், உள்ளே போன நூல் கண்ணி முடியைக் கவ்வி விளிம்பை நோக்கி இழுத்து வரும். மேலே தையல் தெரியாது. இப்படி ஒன்றோ இரண்டோ வரிசை முடிந்தபின், ஊசியை மேற்பரப்பிலும் முழுமையாக வெளியெடுத்துத் தைக்கும் மேல்தையல், விளிம்பை விரல் தடிமனுள்ள கெட்டியான வரப்பாக மாற்றும். ஒவ்வொரு தையலுக்கும் முன் நீண்ட குத்தூசியால் துணிக்கு வெளியிலிருந்தே முடியைக் கிளறி, குறைந்த இடத்துக்குத் தள்ள வேண்டும். கண் இங்கே பெரிதாக உதவாது. உள்ளே முடி எங்கே மெலிந்திருக்கிறது என்பதைக் கட்டைவிரல்தான் சொல்லும்.

இந்த வரப்பு கிடைத்ததும் இருக்கையின் உருவமே மாறியது. 1760களுக்குப் பின் வந்த செவ்வியல் பாணி நாற்காலிகளின் நேர்கோடும் கூர்மையான ஓரமும் தச்சரால் மட்டும் வந்தவை அல்ல. வரப்புக்குள் அமைந்த பள்ளத்தில் இரண்டாம் முறை மெல்லிய முடி அடுக்கு வைத்து, வெள்ளைத்துணி இழுத்து, அதற்கும் மேலேதான் பட்டோ கம்பளியோ ஏறியது.

இத்தகைய வேலையைக் கற்க லண்டன் வழக்கமும், பின்னர் 1563ஆம் ஆண்டின் கைவினைஞர் சட்டமும் வைத்த காலம் ஏழாண்டு. பெற்றோர் ஆசானுக்குப் பணம் கட்டிப் பிள்ளையை ஒப்படைப்பார்கள். அவன் அவர் வீட்டில் உண்டு உறங்கி வேலை பழகுவான். பட்டறைகளில் புதியவனுக்கு முதலில் கிடைத்தது ஊசியன்று. பழுதுக்கு வந்த பழைய நாற்காலியின் ஆணிகளை உளியாலும் மரச்சுத்தியலாலும் ஒவ்வொன்றாகப் பெயர்த்து, மரத்தைப் பிளக்காமல் உறையையும் அடைப்பையும் கழற்றுவதும், தூசி பறக்கும் பழைய முடியைக் கையால் சிக்கெடுத்துப் பிரிப்பதுமே அவன் தொடக்க வேலை. இதை எடுபிடி வேலை என்று கருதுவது பிழை. முடிந்த வேலையில் காண முடியாத ஒவ்வோர் அடுக்கையும், எந்த வரிசையில் போடப்பட்டதோ அதற்கு நேர்மாறான வரிசையில், வேறொரு பட்டறையின் கைவண்ணத்தோடும் குறைகளோடும் காணக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. இழுத்த நாடா ஏன் தொய்ந்தது, ஆணிகள் ஒரே கோட்டில் விழுந்ததால் சட்டம் எங்கே விரிசல் கண்டது என்பதைச் சொல்லிக்கொடுக்க ஆசான் தேவையில்லை. கழற்றிய நாற்காலியே சொல்லிவிடும். அடுத்து நாடா இழுக்கப் பழகியவன், முனையை மடித்து ஐந்து ஆணிகளை ஒரே இழையோட்டத்தில் விழாதபடி மேலும் கீழுமாக அடித்து, மறுமுனையைக் கட்டையால் நெம்பி இழுத்து, தட்டினால் பறைபோல் ஒலிக்கும் அளவுக்கு விறைப்பாக நிறுத்தக் கற்றான். ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டு நாக்கால் திருப்பி ஒவ்வொன்றாக எடுத்து அடிக்கும் பழக்கம், பின்னாளில் காந்தமுள்ள சுத்தியல் வந்தபிறகு வியக்கத்தக்க வேகம் பெற்றது. பற்களுக்கு அது நன்மை செய்ததாகத் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு புதிய பாடம் ஒன்றைச் சேர்த்தது. வியன்னாவின் கெயோர்க் யூனிகல் 1822இலும், இங்கிலாந்தின் சாமுவேல் பிராட் 1828இலும் கம்பிச் சுருள்களை, அதாவது ஸ்பிரிங்குகளை, மெத்தைக்குள் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை பெற்றார்கள். சுருளுக்கு உயரம் தேவைப்பட்டதால் இதுவரை சட்டத்தின் மேற்புறம் அடிக்கப்பட்ட நாடா அடிப்புறத்துக்கு இறங்கியது. சுருள்களை நாடாவில் தைத்து, அவற்றின் தலைகளைக் கயிற்றால் முன்பின், இடவலம், குறுக்கு என எட்டுத் திசையிலும் முடிச்சிட்டு, நடுச்சுருள் நேராகவும் ஓரச் சுருள்கள் சற்று வெளிநோக்கிச் சாய்ந்தும் நிற்கும்படி கட்டுவது தனிக்கலையாயிற்று. முடிச்சு ஒன்று நழுவினால் மெத்தை முழுவதும் ஒருபக்கம் சாயும். இருக்கைகள் தடித்தன, சாய்வுகளில் ஆழ்ந்த பொத்தான்கள் பதிந்தன, மரம் மெல்ல மெல்லத் துணிக்குள் மறைந்தது. இதே காலத்தில் வங்கச் சணல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆலைகளிலும், 1855 முதல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் தொடங்கிய ஆலைகளிலும் கோணித்துணியாகவும் நாடாவாகவும் மாறி, அதுவரை பயன்பட்ட விலை கூடிய சணப்பு நார்த் துணியின் இடத்தைப் பிடித்தது. விக்டோரியா காலத்து லண்டன் சோபாவைப் பிரிப்பவர் கையில் முதலில் சிக்குவது பெரும்பாலும் வங்கத்து இழைதான்.

கற்பிக்கும் ஏற்பாடு இதற்குள் குலைந்துவிட்டிருந்தது. பிரான்சில் புரட்சி அரசு 1791இல் சங்கங்களை ஒழித்தது. இங்கிலாந்தில் ஏழாண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய பிரிவுகள் 1814இல் நீக்கப்பட்டன. வேலை துண்டு துண்டாகப் பிரிந்து, வாழ்நாள் முழுவதும் ஒரே பகுதியை மட்டும் செய்பவர்கள் பெருகினார்கள். இழப்பை உணர்ந்தபின் பிறந்தவை தொழிற்கல்வி நிறுவனங்கள். 1878இல் லண்டனில் சிட்டி அண்ட் கில்ட்ஸ் நிறுவனமும் 1886இல் பாரிசில் புல் பள்ளியும் தோன்றின. பிந்தியது இன்றும் மெத்தை வேலையைக் கற்பிக்கிறது. பள்ளி வந்ததால் பாடத்திட்டமும் வந்தது. பழுதுக்கு எது வருகிறதோ அதிலிருந்து கற்பது என்னும் நிலை மாறி, எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்லும் வரிசை உருவாயிற்று. கழற்றிப் பொருத்தும் சிறு இருக்கையில் தொடங்கி, விளிம்பு தைத்த இருக்கை, ஸ்பிரிங் இருக்கை, பொத்தான் பதித்த சாய்வு என்று ஏறும் அந்த வரிசை பெரும்பாலும் அப்படியே இன்றும் நீடிக்கிறது.

டன்லப் நிறுவனத்தில் 1929இல் உருவான ரப்பர் நுரையும், 1950களில் பரவிய பாலியூரிதேன் நுரையும் இவ்வளவு பயிற்சியையும் தேவையற்றதாக்கின. வெட்டிய நுரைப் பாளத்துக்கு விளிம்பு தைக்க வேண்டியதில்லை. ஆனால் நுரை எரியும்போது எழும் நச்சுப் புகையும் வேகமும் 1979இல் மான்செஸ்டரின் உல்வொர்த்ஸ் கடையில் பத்துப் பேரைப் பலிகொண்டபின், பிரிட்டனில் 1988ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு விதிகள் வந்தன. 1950க்கு முன் செய்யப்பட்ட அறைகலன்களுக்கு அவ்விதிகள் விலக்கு அளித்தன. பழைய நாற்காலியைப் பழைய முறையிலேயே செப்பனிட இவ்விலக்கு சட்ட வழியில் இடம் கொடுத்தது. கேட்பவர் இருந்தவரை கைவேலையும் தொடர்ந்தது.

பழைய அடைப்புக்கு ஆய்வு மதிப்பு உண்டு என்னும் எண்ணம் வந்தது பிந்தித்தான். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் அறைகலன் துறைக்குத் தலைமை வகித்த பீட்டர் தார்ன்டன் 1978இல் வெளியிட்ட, பதினேழாம் நூற்றாண்டு வீட்டு உள்ளலங்காரம் பற்றிய நூல், மரத்தை விடத் துணிக்கும் மெத்தைக்கும் அக்கால மக்கள் எவ்வளவு அதிகம் செலவிட்டார்கள் என்று காட்டிப் பார்வையைத் திருப்பியது. அதன்பின் சட்டத்திலுள்ள ஆணித் துளைகளே சான்றுகளாயின. குமிழ் ஆணி இருந்த துளைகளின் இடைவெளி, பழைய ஆணியின் கழுத்தில் சிக்கிய இரண்டு மூன்று பட்டிழைகள், அவற்றின் வெளுக்காத நிறம் ஆகியவற்றைக் கொண்டு முதல் உறையின் துணியையும் வண்ணத்தையும் கண்டறிகிறார்கள். ஒவ்வொரு தலைமுறையும் புதிய ஆணியடித்தே மரத்தைச் சல்லடையாக்கியது என்பதால், இன்று அருங்காட்சியகங்களில் சட்டத்தில் ஓர் ஆணிகூட இறங்காமல் தனிக்கூட்டின்மேல் மெத்தை கட்டி உள்ளே அமர்த்தும் முறை கையாளப்படுகிறது. ஏலத்துக்கு முன் அழகுக்காகப் பழைய அடைப்பைக் கழித்தெறிந்துவிட்டு நுரை வைக்கும் வணிகர்கள் அழித்த சான்றுகள் எவ்வளவு என்பதை இனி யாராலும் கணக்கிட முடியாது.

இன்று பிரிட்டனில் இத்தொழிலைக் கற்பவர்களில் பிழைப்புக்காக வருபவர்களோடு, வேறு வேலையிலிருந்து நடுவயதில் திரும்புபவர்களும் மாலை வகுப்புக்கு வீட்டு நாற்காலியைத் தூக்கி வருபவர்களும் உண்டு. ஏழாண்டு என்பது பல வகுப்புகளில் சில மாதங்களாகச் சுருங்கிவிட்டபோதும் பிரித்தலில் தொடங்கும் வழக்கம் மாறவில்லை; கழற்றும்போதே ஒவ்வோர் அடுக்கையும் படமெடுத்துக் குறித்துக்கொள்ளச் சொல்லப்படுகிறது. குதிரைமுடி விலை ஏறிவிட்டதால் பழைய மெத்தையிலிருந்து எடுத்துக் கழுவிய முடியை மேலடுக்குக்கு ஒதுக்கி, விளிம்பு தைக்கும் கீழடுக்குக்குத் தென்னை நாரையே பெரும்பாலும் கொடுக்கிறார்கள். கேரளமும் இலங்கையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே ஐரோப்பிய மெத்தைகளுக்கு அனுப்பி வந்த அந்நார் முடியை விட விறைப்பானது, குத்தூசிக்கு எளிதில் இணங்காதது. முதல் விளிம்பைத் தைப்பவரின் கட்டைவிரல் அதில் வரிசைக்கு வரிசை சிவந்தாலும், நூல் சரியாக இறுகாத இடம் வெளியே பள்ளமாக உடனே தெரிந்துவிடுவதால், பழகுபவருக்கு முடியை விட அதுவே ஏற்றது என்று கருதும் பயிற்றுநர்கள் உண்டு.